செம்புச் சுருளோடு ஓடியவன்

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டிலும் மட்டுமே புழங்கியதால், யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் கால் தானாக ஓடத் தயாராகிவிடும். கால்வாய்க்கரைக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவன் பல்லி. சுவரைக் கண்டால் ஏறிவிடுவான். குழாய் இருக்கும்போது படி எதற்கு என்று கேட்கிற ஆள். ஏழாவது மாடிவரை எத்தனையோ முறை போய் வந்திருக்கிறான். லிஃப்டில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

திருட்டிலும் அவனுக்கென்று ஒரு கொள்கை உண்டு. யார் வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டான். வெளிச்சுவரில் தொங்குகிற ஏசிப் பெட்டிகள்தான் அவனுடைய வயல். அதிலிருந்து போகிற செம்புக் குழாயை அறுத்து, சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். வீட்டுக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காரும்போது செம்பு பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறியிருக்கும். "உள்ள நுழையறவன்தான் திருடன். நான் வெளியவே நிக்கறவன்" என்று அவன் நீதிபதியிடமே சொல்லிப் பார்த்தான். அவர் இந்த நுணுக்கத்தையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் கம்பி எண்ண அனுப்பிவைத்தார். திரும்பி வந்தான், மறுபடி ஏறினான், மறுபடி போனான். இப்படியே முப்பத்தைந்து வயதாகிவிட்டது.

அவன் உள்ளே இருந்த காலத்திலெல்லாம் குடும்பத்தைத் தாங்கியது அவன் மனைவியின் இஸ்திரிப் பெட்டி. சந்தைத் தெரு முனையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கடை. அதற்குள் ஒரு மேசை, ஒரு பெட்டி, மலை மாதிரி அடுத்தவர் துணி. மேசைக்கு அடியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் உட்கார்ந்து பாடம் படிப்பாள். மனைவிக்குக் கை எவ்வளவு சுறுசுறுப்போ வாயும் அவ்வளவு சுறுசுறுப்பு. சட்டையில் ஒரு சுருக்கம் விட மாட்டாள், புருஷனையும் ஒரு வார்த்தை விட்டுவைக்க மாட்டாள்.

இந்த நிலைமையில்தான் நகராட்சிக்கு ஞானோதயம் வந்தது. கால்வாய்க்கரையில் எத்தனை போலீஸ்காரர்களைக் காவலுக்கு நிறுத்தினாலும் திருட்டு குறைந்தபாடில்லை; போலீஸ்காரர்களின் சைக்கிள்கள்தான் குறைந்தன. வேலை கற்றுக்கொடுத்துப் பார்ப்போமே என்று யாரோ ஒரு புண்ணியவான் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறார். குற்றத்தைக் குறைப்பதற்கான தொழிற்பயிற்சி மானியம் என்று ரயில் நீளத்துக்குப் பெயர் வைத்தார்கள். அவ்வளவையும் சொல்ல யாருக்குப் பொறுமை? குடியிருப்பில் அது மறுநாளே 'திருடன் மானியம்' ஆகிவிட்டது.

"ஒழுங்கா உழைச்சவளுக்கு ஒருத்தனும் மானியம் தரல. குழாயை அறுத்தவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பாடம், மத்தியானச் சாப்பாடு, காலுக்கு ஷூ! நல்லா இருக்குய்யா உங்க நியாயம்" என்று மனைவி பொரிந்து தள்ளினாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதற்குப் பதில் நகராட்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவையும் பேசிவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் முதல் ஆளாகச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

மூடிக்கிடந்த நகராட்சிக் கிடங்கு ஒன்றைக் கூட்டிப் பெருக்கிப் பயிற்சிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்க ஏசிகள், நடுவில் நீண்ட மேசைகள். பின்னால் ஒரு பெரிய ஜன்னல். அதற்குக் கம்பி கிடையாது. சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் வந்தவுடன் முதலில் பார்த்தது கரும்பலகையை அல்ல, அந்த ஜன்னலைத்தான்.

சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் பல்லியைவிட வயதில் சின்னவள். உச்சி மாடிகளில் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கி ஏசி மாட்டியே கை காய்த்தவள். முதல் நாள் அவள் சுவரிலிருந்த ஒரு ஏசியைக் காட்டி, "யாராவது வந்து இதைக் கழட்டுங்க, பார்ப்போம்" என்றாள். பல்லிக்குச் சொல்ல வேண்டுமா? மேசையிலிருந்த ரம்பத்தை எடுத்தான், போனான், கண் மூடித் திறப்பதற்குள் குழாய் கையில் இருந்தது. உள்ளே அடைந்திருந்த கேஸ் 'புஸ்ஸ்ஸ்' என்று கிடங்கு முழுக்கச் சீறியது. மற்ற பதினொரு பேரும் கை தட்டினார்கள். தொழில் தெரிந்தவர்கள் அல்லவா, வேகத்தைப் பாராட்டினார்கள்.

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, கழட்டச் சொன்னேன். திருடச் சொல்லல."

கிடங்கே சிரித்தது. பல்லிக்குக் காது சூடாகிவிட்டது.

"கேஸ் அத்தனையும் காத்துல போச்சு. முதல்ல அதை வெளிப் பெட்டிக்குள்ள இழுத்து அடைக்கணும். அப்புறம் இந்த நட்டைத் திருகினா குழாய் தானா வந்துடும். அறுக்கவே வேண்டாம்."

"நட்டா?" பல்லி கிட்டே போய்ப் பார்த்தான். குழாயின் முனையில் பித்தளை நட்டு ஒன்று மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது. "அடக் கடவுளே! இவ்வளவு வருஷமா உயிரைக் கொடுத்து அறுத்தேனே, இங்க ஒரு நட்டு இருக்குன்னு எவனும் சொல்லலையே!"

அன்றிலிருந்து அவனுக்கு வேலையில் ருசி தட்டிவிட்டது. செம்பு எவ்வளவு மிருதுவானது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. குழாய் வெட்டுகிற கட்டரை மாட்டி அவசரப்படாமல் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். பிசிறு எடுக்கும்போது குழாயின் வாயைக் கீழே பார்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் உள்ளே போய்விடும். பிறகு நட்டு கவ்விப் பிடிக்க வசதியாக அந்த வாயை ஊமத்தம்பூ மாதிரி விரிக்க வேண்டும். கோணினால் போச்சு, கீறினால் போச்சு. பல்லி விரித்த முதல் பூ நசுங்கிய தகர டப்பா மாதிரி இருந்தது. டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். விடாமல் செய்தான். ஒருநாள் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்று வந்தது. "டீச்சர், இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? பாப்பாவுக்குக் காட்டணும்" என்று கேட்டான். செம்பைக் கேட்டு வாங்கியது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பரீட்சை நாள் வந்தது. குழாயை வெட்டி, விரித்து, ஏசியில் இணைத்து, கசிவில்லை என்று காட்ட வேண்டும். தேறினால் ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் வேலை. பன்னிரண்டு பேரில் ஒருவரும் தேறாவிட்டால் மானியம் அத்தோடு நின்றுவிடும், கிடங்குக்குப் பழையபடி பூட்டு. பல்லிக்குக் கம்பெனியும் மானியமும் இரண்டாம்பட்சம். காலையில் அவன் கிளம்பும்போது, அவன் சட்டையைத் தேய்த்துக்கொடுத்த மனைவி வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில் சொன்னாள்.

"இதையும் கோட்டை விட்டுட்டு மறுபடி சுவர் ஏறினேன்னா, சத்தியமா சொல்றேன், இனிமே உன்னைப் பார்க்க ஜெயில் வாசல்ல வந்து நிக்க மாட்டேன். பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் கத்தியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான்.

கிடங்கில் எல்லோரும் மேசைக்கு மேசை நின்று குழாயை அளந்துகொண்டிருந்தார்கள். பரீட்சை எடுக்க நகராட்சியிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. வந்தார். ஆனால் குற்றம் குறைகிறதா என்று காவல்துறையும் பார்க்க வேண்டும் அல்லவா? ஆகவே கூடவே இன்ஸ்பெக்டரும் வந்தார். வழியில்தானே, நம்ம ஜீப்பிலேயே போய்விடலாம் என்று நல்ல மனதோடு மேடத்தையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இதில் ஒருவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

வாசலில் ஜீப் 'கிரீச்' என்று நின்றது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தெரியும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கண்கூடக் காட்டவில்லை. மேசைகள் கவிழ்ந்தன, ஜன்னல் நிறைந்தது, கூரைத் தகரம் தடதடத்தது, அப்புறம் அமைதி. மேடம் உள்ளே வந்தபோது கிடங்கில் டீச்சரும் இரண்டு கால்களும் மட்டும் இருந்தன. கால்கள் ஜன்னலில் இருந்தன. அவை, உடம்பு பெருத்த காரணத்தால் டிரம்மு என்று பெயர் வாங்கியவனுடையவை. பாதி வெளியே போய் மாட்டிக்கொண்டவன் அங்கிருந்தே, "சார், நான் ஒண்ணும் செய்யல சார்!" என்று அலறினான். உண்மையைத்தான் சொன்னான். அந்தப் பன்னிரண்டு பேரும் மாதக்கணக்கில் ஒன்றுமே செய்திருக்கவில்லை.

பல்லி இதற்குள் நான்கு கூரை தாண்டி, ஒரு குழாயைப் பிடித்துச் சறுக்கி, சந்தைத் தெருவில் குதித்து, தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து, "என்னப்பா இது, பட்டப்பகல்லயேவா?" என்று வாயைப் பிளந்தார். எதைச் சொல்கிறார் என்று பல்லிக்குப் புரியவில்லை. தோள் கனத்தது. திரும்பிப் பார்த்தான்.

தோளில் முழுச் செம்புச் சுருள். கையில் பைப் கட்டர்.

ஓடுகிற அவசரத்தில் பரீட்சைச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். கை தன் பழைய வேலையை மறக்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் ஓட ஆரம்பித்தவன், இப்போது கையும் களவுமாக ஓடிக்கொண்டிருந்தான். அதுவும் எந்தத் தெருவில்? இஸ்திரிக் கடை இருக்கிற தெருவில்.

மனைவி பார்த்துவிட்டாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் இறங்கினாள்; எவ்வளவு கோபமானாலும் அடுத்தவர் சட்டை தீயக் கூடாது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் அவன் நுழையும்போது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரைக் கேட்டால் கால் இன்னும் வேகமாக ஓடத்தான் பழகியிருந்தது. ஆனாலும் குரல் அவளுடையது. நின்றுவிட்டான்.

"யார் வீட்டுது?" மூச்சு வாங்கியபடி கேட்டாள். பல்லியால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"யார் வீட்டுதும் இல்ல. சென்டர்து. பரீட்சைக் குழாய்."

"பரீட்சையை விட்டுட்டா வந்தே?"

"ஜீப் வந்துச்சு."

"நீ என்ன செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யல."

"அப்புறம் எதுக்குய்யா ஓடினே?"

பல்லி வாயைத் திறந்தான். எத்தனையோ விசாரணையில் மணிக்கணக்காகக் கதை அளந்தவனுக்கு இந்த ஒரு கேள்விக்குச் சொல்ல ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை.

"திரும்பிப் போ" என்றாள்.

"இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு இன்ஸ்பெக்டர் முன்னாடி போய் நிக்கச் சொல்றியா? என்னைப் பேசவே விட மாட்டார்."

"அப்ப இங்கயே போட்டுட்டு வெறுங்கையோட போ."

"போட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். இந்த ஏரியா பத்தி உனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோபமாகவே முகத்தை வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நட. நான் பின்னாடி வரேன்" என்றாள்.

ஓடிவந்த தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் நடந்து போவதற்கு அது ஓர் ஊர் தூரம் ஆகிவிட்டது. ஜீப்பைப் பார்த்து ஓடியே பழகிய கால், ஜீப்பை நோக்கிப் போ என்றால் கேட்குமா? ஒவ்வொரு முட்டுச் சுவரும் 'ஏறேன்' என்று கூப்பிட்டது. தெருவில் எல்லோரும் அவன் தோளையே பார்த்தார்கள். இஸ்திரிக்காரி பின்னாலேயே வந்தாள். அவள் செருப்புச் சத்தம்தான் அவனை நடக்கவைத்தது.

கிடங்கில் டிரம்முவை ஒருவழியாக உள்பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். இழுத்தவர் இன்ஸ்பெக்டர், தொப்பி கோணியிருந்தது. மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். "ஆளே இல்லாம நான் யாருக்கும்மா பரீட்சை வைக்கறது? இருக்கற இந்த ஒருத்தராலயும் எழுந்து நிக்க முடியல" என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் கவிழ்ந்த மேசைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

பல்லி வாசல் வழியாக வந்தான்.

"டேய், நில்லுடா!" இன்ஸ்பெக்டரின் கை தானாக அவன் சட்டைக் காலருக்குப் போனது. "தோள்ல என்னடா?"

"செம்பு சார்." சுருளைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "இங்கேருந்து எடுத்துட்டுப் போனதுதான். திருப்பிக் கொண்டு வந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டரின் கை பாதியில் நின்றது. அவருடைய சர்வீஸில் போன செம்பு தன் காலால் நடந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"எதுக்கு ஓடினீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பழக்கம் மேடம். ஜீப் சத்தம் கேட்டா கால் யாரையும் கேக்கறதில்ல. எதுக்கு ஓடினேன்னு இவளும் கேட்டா. எனக்கே தெரியல." வாசலில் நின்ற மனைவியைக் காட்டினான். "தயவு செஞ்சு ஒரு தடவை விடுங்க. அளந்து வெச்சுட்டேன். இனிமேதான் வெட்டணும்."

மேடம் கைப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நிற்க, பல்லி குழாயை வெட்டினான். பிசிறு எடுத்தான், வாயை விரித்தான். பூ அழகாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் டீச்சர் கூரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று குனிந்தான். நட்டு மேசைமேலேயே உட்கார்ந்திருந்தது. குழாயில் நட்டைக் கோத்துவிட்டுத்தான் வாயை விரிக்க வேண்டும். விரித்த பிறகு நட்டு நுழையாது. "அட நாசமாப் போன நட்டே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, பூவை வெட்டி எறிந்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இதற்குள் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. பல்லியை யாரும் அடிக்கவில்லை என்பதைக் கூரையிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "வாங்கடா உள்ள, சார் நல்லவர்தான். என் காலைக்கூட மெதுவாத்தான் இழுத்தார்" என்று டிரம்மு தரையில் உட்கார்ந்தபடியே அழைப்பு விடுத்தான். ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள்.

பல்லி நட்டுகளை முடுக்கினான். குழாய்க்குள் காற்றழுத்தம் ஏற்றினான். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை அடித்து, தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் அந்த நுரையையே பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

போதுமான நேரம் ஆனதும் டீச்சர் தலையாட்டினாள். மேடம் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். பிறகு சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். "மத்தவங்களும் வரிசையா வாங்க. சார், உங்க ஜீப்பைக் கொஞ்சம் அடுத்த தெருவுல நிறுத்தச் சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டர் மறுபேச்சில்லாமல் வெளியே ஆள் அனுப்பினார்.

மனைவி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள். மெதுவாக உள்ளே வந்து, குழாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னய்யா ஆச்சு? எல்லாரும் சும்மா நின்னு பார்த்தீங்க, அப்புறம் பாஸ்னு சொல்லிட்டாங்க?"

"ஓட்டை இருந்தா நுரை முட்டை முட்டையாப் பொங்கும். சரியா இருந்தா ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்கலேன்னா பாஸ்."

அவள் குனிந்து நுரையைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுடைய சாயங்காலங்களில் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. கதவு தட்டப்பட்டது, ஜீப் வந்தது, யாரோ ஓடி வந்து சேதி சொன்னார்கள். எதுவும் நடக்காத நாளில்கூட இனி என்ன நடக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் சட்டைகளைத் தேய்த்தாள். இப்போது அவள் கண் முன்னால், அவன் கையால் செய்த ஒன்றில், ஒன்றுமே நடக்கவில்லை. நுரை அப்படியே இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"மேடம்," என்றாள், நுரையிலிருந்து பார்வையை எடுக்காமலேயே, "இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கட்டுமா?"

அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்த மேடம் பேனாவை மூடி வைத்தார். "பாருங்கம்மா" என்றார்.